துருசடி நெற்சப்பி

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். வேண்டாத கதை என்று சிலதை விட்டுவிடுவாள் என்றும் தெரியும்.

கண்டாவளையில் எங்களுக்குக் காணி கிடைத்து மூன்றாம் வருடம் பயிர் மஞ்சளித்துப் போனது. தத்துப்பூச்சியின் வேலை. நெல் வெட்டிய பிறகு அது எங்கே போய்க் கிடக்கிறது என்று பார்க்க, விவசாயக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா சைக்கிளில் வந்தார். கச்சான் காற்றில் தொப்பி பறக்க, வலையோடு வரம்பு வரம்பாக ஓடினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பூச்சிக்குப் பின்னாலை ஓடாதேங்கோ ஐயா. அது இருக்கிற புல்லைத் தேடுங்கோ.”

“எந்தப் புல்லு, தங்கச்சி?”

எங்கள் காணித் தலைப்பில், குளத்துத் தண்ணீர் திறக்கும் துருசடியில், நெற்சப்பி நின்றது. நெல்லைப் போலவே இருக்கும் களை. ஊரெல்லாம் காய்ந்தாலும் அந்த ஈரத்தில் அது பச்சைதான். கன்று போட்ட எங்கள் பசு அதைத் தின்றுதான் பால் தந்தது. இதை எழுதுகிறவளுக்கு அப்போது ஒன்றரை வயது. என்னிடம் பால் வற்றிவிட்டது. பசுவின் பால்தான் அவளுக்கு.

அவருடைய வெள்ளை வேட்டியை, என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், கேட்காமலே எடுத்துப் போய் விரித்துப் புல்லைத் தட்டினேன். பொரி வெடித்தது போலப் பூச்சிகள் துள்ளி விழுந்தன. ஐயா முழங்காலில் நின்று, ஒரு குழாயால் அவற்றை வாயால் உறிஞ்சிப் போத்தலில் சேர்த்தார். விழுங்கிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தவர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான். இரண்டு நாள் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த கிழமை, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை இரண்டு மண்வெட்டிக்காரரோடு வந்தார்.

“இந்தப் புல்லை அழிக்காமல் உங்கடை காணிக்குத் தண்ணி இல்லை.”

“உங்கடை வாய்க்கால் கரையிலையும் இதுதானே நிக்குது?”

“ஐயா எழுதினது உன்ரை காணியை. நீதானே காட்டினனீ.”

கொத்திக் காயவிட்டுக் கொளுத்தினார்கள். பசு கட்டியிருந்த கட்டையடியில் நின்று பார்த்தது.

“வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டாய்,” என்றார் வீட்டுக்காரர். “இனிப் பாலுக்கும் அந்த ஐயாவிட்டைப் போ.”

மாரிக்கு முன்னமே பால் நின்றது. பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் பருக்கினேன். துப்பினாள், பிறகு பழகினாள்.

அந்த மாரிப் போகமும் பயிர் மஞ்சளித்தது. வட்டவிதானையின் வாய்க்கால் கரைக்குப் போய் நெற்சப்பியைக் கையால் தட்டினேன். முகமெல்லாம் பூச்சி துள்ளியது. துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.