வண்டியின் நிழல்

குன்னூர்க் குளிரில் என் மனைவி விமலாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அதனால் படுக்கையும் அடுப்பும் வைத்த வேனில் வெயிலைத் தேடிக் கிளம்பியிருக்கிறோம். திருவண்ணாமலையும் ஏமாற்றுகிறது. மணி எட்டாகியும் மலை பனிமூட்டத்துக்குள்தான் இருக்கிறது. தூத்துக்குடியா, ராமநாதபுரமா என்று போனில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வேங்கிக்கால் தாண்டி, நேற்றுச் சாயங்காலம் வசதியாக இருக்கிறதே என்று வேனை நிறுத்திய சிமென்ட் தரை, நெல் காயவைக்கும் களமாம். காலையில் மூட்டைகளோடு வந்த பெண் எங்களை எழுப்பாமல் மறுபாதியில் நெல்லைப் பரப்பியிருக்கிறார். பனி விலகி வெயில் விழுந்ததும் ஜன்னலைத் தட்டுகிறார்.

"சார், வண்டி நெழலு நெல்லு மேல வுழுது. கொஞ்சம் தள்ளி வுடுங்க. ஈரமா இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க."

"நாங்களும் வெயிலுக்குத்தாம்மா வந்தோம். இங்க கம்மியா இருக்கே."

"பத்து மணி ஆவட்டுங்க. ஜாஸ்தியாவே வரும்."

பத்து மணி வரை ஓரிடத்தில் இருக்க எனக்குப் பொறுமை ஏது? வேனைக் களத்துக்கு வெளியே கொண்டுபோய், இன்ஜினை அணைக்காமலே திரும்பிப் பார்க்கிறேன். விமலா எப்போதோ இறங்கிவிட்டாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணின் பின்னாலேயே நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி நடக்கிறாள். முழங்கால் நன்றாகவே மடங்குகிறது.

"விமலா, கிளம்பலாம்."

அவள் திரும்பவில்லை. அந்தப் பெண்தான் நிமிர்ந்து பார்க்கிறார்.

"அக்கா இருக்கட்டும் சார். நீங்க வண்டிய மட்டும் எடுத்துக்கினு போங்க."