அடிக்காதவரின் வீட்டில்

என் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

கல்யாணமானபோது எனக்கு இருபத்தாறு வயது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அவருடைய வீடு முத்தியால்பேட்டையில். அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த ஸ்கூட்டரில் போய்வருவேன். மாலையில் நான் திரும்பும் நேரத்துக்கு அவர் வாசலுக்கு வந்து நிற்பார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குனிந்து வண்டியின் மீட்டரைத்தான் பார்க்கிறார் என்று புரியப் பத்து நாளானது. போக வர ஒன்பது கிலோமீட்டர். பத்தைத் தாண்டினால், "எங்க சுத்திட்டு வர?" என்பார். குரல் உயராது. பதில் பிடிக்கவில்லையென்றால் நான்கைந்து நாள் பேசமாட்டார். நான் வைத்த சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓட்டலுக்குப் போவார். மாமியார் என்னைத்தான் கேட்பார், "இன்னா பண்ணித் தொலைச்ச?"

நான் பழகிக்கொண்டேன். தையல்கடைக்குப் போகவேண்டியிருந்தால் வண்டியைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு நடந்தே போய்வருவேன். வெயிலில் நடக்கும்போது, உடம்புக்கு நல்லதுதானே என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பயம் என்ற வார்த்தை அப்போது என் வாயில் வரவில்லை.

ஒருநாள் மதியம் என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்கு ஃபோன் வந்தது. அவளுடைய அப்பாவைக் கோரிமேடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. நான் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன்.

மாலையில் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் என் செல்ஃபோனை வாங்கி, அவளுடைய எண்ணைத் தேடி அழைத்தார்.

"உங்கள எத்தன மணிக்கு ஆஸ்பத்திரில எறக்கிவிட்டா?"

அந்தப் பக்கம் பெண்கள் அழும் சத்தம் எனக்கே கேட்டது. அவளுடைய அப்பா இறந்து அரைமணிகூட ஆகியிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. என் கணவருக்கும் அந்த அழுகை கேட்டிருக்கும். ஆனாலும் பதில் வரும்வரை காத்திருந்தார். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டி, "சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார்.

மறுநாள் அம்மாவிடம் போய் அழுதேன்.

"கை நீட்டுனாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்லம்மா."

"வேற பொம்பள சகவாசம்?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் இன்னாடி? பக்கத்து வீட்டுக்காரி தெனமும் கன்னம் வீங்கி நிக்கிறா. ஒனக்குக் கொழுப்பு."

காட்டுவதற்கு என் உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. அவர் அடித்தே இருக்கலாமே என்று அன்று நினைத்தேன். அப்படி நினைக்கவைத்த அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அவர் வீட்டிலேயே இருந்தேன். என் ராஜினாமாக் கடிதத்தை அவரே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு என் முன்னால் வைத்த காலையில்தான் கிளம்பினேன். நேராகக் கல்லூரிக்குப் போனேன். அந்த ஃபோனுக்குப் பிறகு நான் முகம் பார்த்துப் பேசவே கூசிய அதே பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. வந்துரு" என்றாள். அவர் அன்று கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கத்தில் கேள்வி கேட்காமல் நின்றது அவள் ஒருத்திதான்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம். அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். அம்மா தன் கையாலேயே பரிமாறினாள். "பாவம், எளச்சிப் போய்ட்டாரு" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். அந்தப் பந்தியின் கடைசி இலையில் நான் உட்காரப் போனதும் வேகமாக வந்தாள்.

"அவரு சாப்ட்டு எழுந்திரிக்கட்டும். நீ அடுத்த பந்தில உக்காரு."

நான் சாப்பிடாமலேயே கிளம்பினேன். மணமேடையிலிருந்து தம்பி பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.