நூற்றைம்பது மணி நேரக் களப்பயிற்சி

வகுப்பில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தாறு. காலையில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். மத்தியானம் சமுதாயக் கல்லூரியில் மனநல, சமூகநலச் சேவை படிப்பாள்.

காரணம் தம்பி. இருபத்து நான்கு வயதில் அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. டாக்டர்கள் சொல்வது பாதி புரியாமலே பத்தொன்பது வருஷம் தலையாட்டியிருந்தாள். இனியாவது புரிந்துகொண்டு ஆட்டலாம் என்றுதான் சேர்ந்தாள்.

கடைசிப் பருவத்தில் நூற்றைம்பது மணி நேரம் களப்பயிற்சி. ஊரில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது மனநோயாளிகளுக்கான ஒரே ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம். தம்பி தினமும் தனியாகவே போய்த் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அங்கேதான். அவன் அக்கா என்று கூப்பிட்டதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் எல்லோருக்கும் அவள் அக்காதான். மூன்றாம் நாள் அவன் வீட்டுச் சாவியைக் கேட்டபோதுதான் பொறுப்பாளருக்குப் புரிந்தது. மாணவரின் உறவினர் பராமரிப்பில் இருக்கும் இடத்தில் பயிற்சி கூடாது என்பது விதி. அன்று சாயங்காலமே அவள் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள்.

முன்னாலேயே யாரும் சொல்லவில்லை என்றாலும், விதி நியாயமானது என்று அவளுக்கும் தெரியும்; தொழில் நெறிமுறைப் பாடத்தில் அவள்தான் முதல் மதிப்பெண். ஆனால் வேறு இடம் யார் பார்த்துக் கொடுப்பது? கல்லூரி மையத்தைக் கைகாட்டியது, மையம் கல்லூரியைக் கைகாட்டியது. மூன்று வாரம் நடையாய் நடந்தபின் விரிவுரையாளரிடம் கேட்டேவிட்டாள்.

“வீட்ல தம்பியை நான் பார்த்துக்கிட்டதுல ஒரு மணி நேரம்கூட கணக்குல வராதா, மேடம்?”

“அது குடும்பம்மா. பயிற்சின்னு எப்படி எழுதறது?”

அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், தம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“நான் அங்கேருந்து நின்னுட்டேன். இனிமே நீ போகலாம்ல?”

“உன்னை யாருடா நிக்கச் சொன்னா?”

“நீ சொல்ல மாட்டே. அதான் நானே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனைத் திட்டித் தீர்த்தாள். திட்ட வேண்டியது அவனை இல்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போனபோது, அவன் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் வாரத்துக்கு மூன்று நாள் கிடைத்தது. மீதி நாட்களில் அவன் ஜன்னலோரம் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பான்.

கூடப் படித்தவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அடுத்த பருவத்தில்தான், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு மனநல இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே பெரும்பாலும் டெலிபோன் எடுப்பதும் வருகைப் பதிவேடு எழுதுவதும்தான். எப்படியோ மணிக்கணக்கை முடித்தாள். மதிப்பீட்டுத் தாளில், ‘பொறுமைசாலி, ஆனால் அனுபவம் போதாது’ என்று எழுதியிருந்தார்கள். அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

அதே இல்லத்தில் இப்போது அவளுக்கு அரை நாள் வேலை. சேர்ந்த வாரமே, வீட்டில் நோயாளியை வைத்திருக்கிற மாணவர்களுக்கு இந்த விதியை முதல் நாளே சொல்லுங்கள், வேறு இடமும் பார்த்து வையுங்கள் என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து போடும்வரை மேஜை முன்னாலேயே நின்றாள்.