நாற்பதில் அழிந்த வட்டம்

அந்த இன்ஜினியரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத எழுத மனசு இளகி, அவரும் மனுஷன்தானே என்று முடிக்கப்போவதில்லை.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். கெலமங்கலம் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்துபோகிறேன், பதினோரு வருஷமாக. அதில் எட்டு வருஷம் ஃபெட்லிங் ஷெட்டில். அச்சிலிருந்து விழுகிற அலுமினிய வார்ப்பின் ஓரத்தில், தோசை ஓரத்து முறுகல் மாதிரி ஒரு பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுக்கிற வேலைக்குத்தான் ஃபெட்லிங் என்று பேர். எட்டு வருஷம் தேய்த்ததில் என் வலது கையில் மூன்று விரல் மரத்துப்போயின. தலை பின்னும்போது விரலுக்குள் முடி இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அரத்தை விட்டுவிடு, இல்லையென்றால் மற்ற விரலும் போகும் என்றார் டாக்டர். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்ஷன் ரூமில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வராதபோது, இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர் யார் என்று ஷெட்டில் வந்து கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அதை அவர்கள் கேட்கவில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பீஸை எடுத்து விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். சந்தேகமான இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போடவேண்டும். பிறகு போட்டோ எடுத்து மாடியில் இருக்கும் இன்ஜினியருக்கு அனுப்பவேண்டும். படத்தில் வட்டம் இருந்தால் அவர் இறங்கி வந்து பீஸைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். வட்டம் இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓகே போடலாம். அதே படங்கள் அத்திப்பள்ளி தாண்டி இருக்கிற கஸ்டமர் கம்பெனியின் வெப்சைட்டிலும் ஏறவேண்டும்.

போட்டோ எடுக்கக் கொடுத்தது மேனேஜர் கழித்துவிட்ட பழைய போன். விலை உயர்ந்த போன்தான். அதுதான் வினை. அது எடுக்கிற படம் சாதாரண ஜேபெக் கிடையாது, ஹெச்.இ.ஐ.சி. என்று வேறு ஒரு ரகம். இடத்தை மிச்சம்பிடிக்கப் படத்தை அது தன் முறையில் அமுக்கி வைத்துக்கொள்கிறது. கஸ்டமர் வெப்சைட் அதைத் தொடவே தொடாது. போனின் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. இன்டர்நெட்டில் மாற்றிக்கொடுக்கிற சைட்டெல்லாம் கம்பெனியில் பூட்டிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பார்க்கிறவர் கர்நாடகப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தார், ஒரு வரி அடித்தார். அந்த வரியை ஒரு கேட் பாஸின் பின்பக்கம் எழுதி மானிட்டரில் டேப் போட்டு ஒட்டினார். "இதன்ன டைப் மாடி. பேரே ஏனூ முட்டபேடி" என்றார். இதை அடி, வேறு எதையும் தொடாதே. எனக்குக் கன்னடம் புரியும், சந்தைக்குப் போனால் பேசவும் செய்வேன். அதனால் கன்னடத்திலேயே, வரியின் கடைசியில் இருக்கிற இந்த நட்சத்திரக் குறி எதற்கு என்று கேட்டேன். "ஆல்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வரியை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்! முதலில் மேஜிக் என்று ஒரு சொல். பிறகு எந்த ரகமாக மாற்றவேண்டும் என்று. பிறகு அகலம் எவ்வளவு, குவாலிட்டி எவ்வளவு என்று இரண்டு எண். கடைசியில் அந்த நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் அந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லாமும். ஒன்றிரண்டு தப்பினால் பரவாயில்லை என்று அதற்குத் தெரியாது. ஒரு இடைவெளி விட்டுப்போனால் சிவப்பாகத் திட்டும். சரியாக அடித்தாலோ ஒன்றுமே சொல்லாது. வேலை முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டுவிட்டு நல்லா இருந்தது என்றுகூடச் சொல்லாமல் கை கழுவப் போகிற ஆம்பளை மாதிரி, ஒரு சின்னக் கோடு மட்டும் அடுத்த வரியில் மின்னி மின்னி நிற்கும். நான் உடனே ஃபோல்டரைத் திறந்து எண்ணுவேன். அறுபத்திரண்டு உள்ளே போனால் அறுபத்திரண்டு வெளியே வந்திருக்கவேண்டும். இரண்டு தடவை எண்ணுவேன். வேனில் வீட்டுக்குப் போகும்போது மனசுக்குள் மூன்றாவது தடவை.

இரண்டாம் மாதத்தில் ஒரு தப்பு செய்தேன். சூப்பர்வைசர் தன் போனில் எடுத்த படங்கள் சில வந்திருந்தன. அவை ஏற்கெனவே ஜேபெக். அதுகளையும் சின்னதாக்கி அனுப்பத்தான் வேண்டும் என்று ஃபோல்டரில் போட்டு அதே வரியை அடித்தேன். புதுப் படம் பழைய படத்தின் பேரிலேயே அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரிஜினல் போயே போய்விட்டது. கேட்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை. அந்தப் படங்களை யாரும் திரும்பக் கேட்கவில்லை, என் நல்ல நேரம். ஆனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து ஒரு பழக்கம். வரியை அடிக்கும் முன்னால் எல்லாப் படத்தையும் இன்னொரு இடத்தில் காப்பி போட்டுவிடுவேன். அந்த ஃபோல்டருக்கு ரேஷன் கார்டு என்று பேர் வைத்தேன். அடுத்தவள் ரேஷன் கார்டை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

இன்ஜினியர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நான் சார் என்பேன், அவர் ஏம்மா என்பார். அவர் கம்ப்யூட்டரில் என் படங்கள் திறக்க நேரமாகிறதாம். மூன்றாவது வருஷம் ஒருநாள் கீழே வந்து, கேட் பாஸில் தொண்ணூறு என்று இருந்ததைத் தன் பேனாவால் அடித்து நாற்பது என்று எழுதினார். அகலத்தையும் அறுநூறாக்கினார்.

முடி மாதிரி கோடெல்லாம் தெரியாமல் போய்விடுமே என்று கேட்டேன்.

"கோடு பாக்க நீ எதுக்கும்மா இருக்க?" என்றார். "எனக்குப் படம் டக்குனு தொறக்கணும். அவ்ளோதான்."

அடுத்த வாரம் இன்னொரு உத்தரவு. டிஸ்க் நிறைகிறது, மாற்றி முடித்ததும் ஒரிஜினலை அழித்துவிடு. சரி சார் என்றேன். ஃபோல்டரிலிருந்து அழித்தேன். ரேஷன் கார்டில் இருந்ததைத் தொடவில்லை. சொல்லை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனால் நட்சத்திரத்தின் மேல் எனக்கு இருந்த பயம் அவர் மேல் இருந்த பயத்தைவிடப் பெரிது.

இரண்டு மாதம் கழித்து ஒரு லோடு பம்ப் மூடி கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. மூடியில் விரிசல், ஆயில் கசிகிறது; மேலே சாக்பீஸ் இருந்திருந்தாலும் அந்த ஆயிலில் கழுவிப்போயிருக்கும். காலை பதினோரு மணிக்கு என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டிவி அளவு திரையில் நான் அனுப்பிய படம். சாம்பல் நிறத்தில் ஒரு மூடி. விரிசலும் இல்லை, வட்டமும் இல்லை.

இன்ஸ்பெக்ஷனிலேயே கோட்டை விட்டுவிட்டார்கள், படத்தில் வட்டமே இல்லை, வட்டம் இல்லாததால்தான் நான் ஓகே போட்டேன் என்று இன்ஜினியர் மேனேஜரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வட்டம் போட்டேன் சார் என்றேன்.

"போட்ட வட்டம் எங்கம்மா போச்சு? எலி தின்னுடுச்சா?"

அங்கே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. நாளையிலிருந்து ஃபெட்லிங்குக்கே போய்விடு, இந்த ரூமுக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஃபேனை நிறுத்து என்பது போலச் சொன்னார். நான் துப்பட்டாவுக்குள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். மூன்று விரலைப் பிடித்தது கைக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தேகம். நிஜமாகவே வட்டம் போட்டேனா? தினமும் எத்தனை மூடி. போட்டதாக நினைத்துக்கொண்டு விட்டிருப்பேனோ? கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வேனை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு ஓடியவள் நான். என் சொல்லை நானே நம்புவதில்லை.

ரூமுக்குப் போய் ரேஷன் கார்டைத் திறந்தேன். தேதி பார்த்து, பெட்டி எண் பார்த்து, படத்தைக் கண்டுபிடித்தேன். ஒரிஜினல், பெரியது. மூடியில் போல்ட் மாட்டுகிற காதோரத்தில் மஞ்சள் வட்டம், கொஞ்சம் கோணலாக, என் கை போட்டதேதான். அதற்குள் முடி மாதிரி ஒரு விரிசல். சாக்பீஸ் தூள் உதிர்ந்தது வரைக்கும் தெரிந்தது. பக்கத்திலேயே நாற்பதில் மாற்றிய படத்தையும் திறந்தேன். வட்டம் இருந்த இடத்தில் அழுக்குத் துணியால் துடைத்தது போல ஒரு மங்கல். அமுக்குகிறபோது அந்த மெல்லிய மஞ்சள் கோட்டைச் சாம்பலோடு சாம்பலாகக் கரைத்துவிட்டிருக்கிறது. விரிசலையும் சேர்த்து.

அப்போதுதான் என் தப்பும் எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக நான் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. மாற்றிய படத்தில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

சரி, கையில் ஆதாரம் இருக்கிறது. காட்டினால்? அழிக்கச் சொன்னதை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். கம்பெனிப் படத்தைத் திருடினாள் என்பார்கள். ஃபெட்லிங்காவது மிஞ்சும் என்றிருந்தது, அதுவும் போய் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டி வரும். சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்தப் படத்தை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

கேன்டீனில் சேதி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஃபெட்லிங்கில் என் பக்கத்து மேடையில் நின்று எட்டு வருஷம் தேய்த்தவள், தட்டோடு நகர்ந்து இடம் விட்டாள்.

"வா கம்ப்யூட்டரம்மா. உன் அரத்தை நான்தான் வச்சிருக்கேன், துருப்பிடிச்சிப் போச்சு. நாளைக்கு எண்ணெய் போட்டுத் தரட்டா?"

அவள் கெட்டவள் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக அந்தக் கண்ணாடி ரூமைப் பார்த்துக்கொண்டே தேய்த்தவள், அவளுக்கும் ஏக்கம் இருக்கும். ரசத்தை ஊற்றிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சோற்றைப் பிசைய விரல் வரவில்லை. ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கேட்டுக்கு வெளியே நின்றாலும் நிற்கலாம், அந்த அரத்தைத் தொட முடியாது என்று அந்த ஸ்பூனைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

மதியம் மேனேஜரிடம் போய், ஐந்து நிமிஷம் ரூமுக்கு வந்து ஒன்றைப் பாருங்கள் என்றேன். இன்ஜினியரும் பின்னாலேயே வந்தார். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது என்று தெரியும். அதனால் பேசவில்லை. ஒரிஜினலைத் திறந்து காட்டினேன். வட்டத்தைப் பார்த்தார்கள். கறுப்பு ஜன்னலைத் திறந்து, கேட் பாஸில் இருந்தபடியே அகலம் அறுநூறு, குவாலிட்டி நாற்பது என்று அடித்தேன். இடைவெளி விட்டுப்போய் இரண்டு தடவை சிவப்பாகத் திட்டு வாங்கினேன். மூன்றாவது தடவை ஜன்னல் மௌனமாக இருந்தது. வந்த படத்தைத் திறந்தேன். வட்டம் இல்லை. அப்புறம் அகலத்தைக் குறைக்காமல் ஒரிஜினல் அளவிலேயே விட்டு, குவாலிட்டி தொண்ணூற்றிரண்டு. வட்டம் இருந்தது.

"நாப்பது சாரோட கையெழுத்து" என்றேன், கேட் பாஸைக் காட்டி. நான் சொன்னது அது ஒன்றுதான்.

இன்ஜினியர் சும்மா இருந்திருந்தால் அவருக்கே நல்லதாக இருந்திருக்கும்.

"ஒரிஜினலை யாரும்மா வச்சிருக்கச் சொன்னது? அழிச்சிடச் சொன்னேன்ல?"

மேனேஜர் அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "அழிக்கச் சொன்னியா?" என்று கேட்டார். பிறகு, "இந்த ரெண்டு மாசத்துல ஒருநாளாவது கீழ வந்து பீஸைக் கையில எடுத்தியா?"

மேனேஜர் என்னைப் பார்த்து, சரி, நீ வேலையைப் பாரு என்றார். என் வேலை என்று எதைச் சொன்னார் என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தேகம். மறுநாள் காலையில் பயந்துகொண்டே கண்ணாடி ரூமுக்குள் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை.

உன்மேல் தப்பில்லை என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. கஸ்டமருக்கு அனுப்பிய பதிலில் சிஸ்டம் கோளாறு என்று எழுதினார்களாம். யார் சிஸ்டம்? ஒரு வாரத்தில் கேட் பாஸைக் கிழித்துவிட்டு, லேமினேட் செய்த தாள் ஒன்றை மாட்டினார்கள். குவாலிட்டி தொண்ணூற்றிரண்டு, அகலத்தைக் குறைக்கக் கூடாது, ஒரிஜினல் ஆறு மாதம் இருக்கவேண்டும். எல்லாம் இங்கிலீஷில். கீழே இன்ஜினியரின் கையெழுத்து, தானே கண்டுபிடித்தது போல. அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் என் தயிர்சாதத்தைச் சாப்பிடுகிறேன்.

இப்போது எண்ணுவதோடு ஒவ்வொன்றையும் திறந்தும் பார்க்கிறேன். மரத்த விரல் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரியாது, அதனால் ஒவ்வொரு சாவியையும் கண்ணால் பார்த்து அடிக்கிறேன். நேரமாகிறதுதான். ஆகட்டும்.

தாள் தொண்ணூற்றிரண்டு என்றுதான் சொல்கிறது. கஸ்டமருக்கு அதுவே போகிறது. மாடிக்கு மட்டும் நான் நூறு போட்டு அனுப்புகிறேன். என் ரூமிலிருந்து நிமிர்ந்தால் மாடிக் கண்ணாடியில் அவர் தெரிவார். மோவாயில் கையை வைத்துக்கொண்டு, படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். போன வாரம் படிக்கட்டில் நிறுத்தி, கொஞ்சம் சின்னதாக்கி அனுப்பக் கூடாதாம்மா என்று கேட்டார். குரல் கொஞ்சம் தணிந்துதான் இருந்தது.

"சின்னதாக்குனா வட்டம் போயிடும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.