நான் காளி வேஷம் கட்டிய வருஷம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று பள்ளிக்கூட வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன் நான். எழுதினால்தானே தோற்பதற்கு? அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் அப்போது. அப்பா அம்பாசமுத்திரத்தில் வாழைத்தார் சுமப்பவர். என்னை அடிக்கவில்லை. "இவன் ஒண்ணுக்கும் ஆவ மாட்டான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதற்கு அடித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

குலசேகரன்பட்டினம் பக்கத்தில் அத்தை வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். மாமா, அம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கும் செட் ஒன்றில் மேளக்காரர். தெருவே மாலை போட்டு விரதம் இருந்தது, நானும் போட்டேன். ஓரமாக ஒரு குரங்கு வேஷம் போதும் என்று நினைப்பு. பாதியில் விட்டால் அந்த அவமானமும் சேர்ந்துவிடுமே என்று, வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என அத்தையிடம் கேட்டுக்கொண்டேன்.

கையில் விரதக் காப்புக் கட்டி ஆட்டம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, செட்டில் வழக்கமாகக் காளி வேஷம் கட்டும் அண்ணன் வீட்டில் ஒரு சாவு. தீட்டு என்பதால் அவர் மாலையைக் கழற்றிவிட்டார். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, ஒனக்குத்தான் அவன் உயரம் இருக்கு. நீ கட்டுதியா?"

காளியின் சடைமுடியும் கிரீடமும் தலையில் ஒரு குடம் தண்ணீர் வைத்ததுபோலக் கனக்கும். ஆட்டத்தில் அது சரிந்தாலோ, கட்டியவன் மயங்கி விழுந்தாலோ, விரதத்தில் குறை என்று ஊர் பேசும். செட்டுக்கே கெட்ட பெயர். முடியாது என்று சொல்லவும் பயமாக இருந்ததால்தான் தலையாட்டினேன். பெருமையடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. முதல் நாள் ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டே ஆடினேன். முடி சரியவில்லை. மூன்றாம் நாள் பிடித்த கையை விட்டுவிட்டே ஆடினேன். பதினேழு வயதில் முதல்முறையாக ஒரு காரியத்தைப் பாதியில் விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் வேனில் ஏறி அம்பாசமுத்திரம் போனோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கியபோது, தோளில் சாக்குத் துண்டோடு அப்பா எதிரே வந்தார். கறுப்புச் சாயமும் கோரைப்பல்லும் தொங்கும் நாக்குமாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தட்டில் காசைப் போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"தாயே, எனக்கு ஒரே மவன். தோத்துருவோமோ தோத்துருவோமோன்னு பயந்தே சாவுதான் பய. அவனுக்குக் கொஞ்சம் தைரியத்தக் குடு தாயே."

சொல்லிக்கொண்டே நடுத்தெருவில் என் காலில் விழுந்தார். வேஷத்தில் இருக்கும்வரை நாங்கள் அம்மன். வீட்டு உறவு சொல்லிப் பேசக்கூடாது. குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன். பாதி புருவமெல்லாம் கொட்டியது.

தசரா முடிந்து காப்பு அவிழ்த்தபின் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். பெற்ற மகன் காலிலேயே விழுந்தோம் என்று தெரிந்தால் மனிதர் குறுகிப்போவார். விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கணக்கை எழுதித் தேறினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கிழக்கே, குலசேகரன்பட்டினத்து அம்மன் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல தாய் கால்ல விழுந்தேம்லா, அவ குடுத்த துணிச்சல் இது. இவனுக்கு ஏது?" என்று அம்மாவிடம் சொன்னார்.

போன பங்குனியில் அவர் இறந்துபோனார். கடைசிவரை என்னைப் பற்றி அவர் நினைத்திருந்தது அதுதான்.