சொட்டுநீர்ப் பாசனம்

படிக்கிற கண்ணாடியைக் கழற்றித் தூரத்துக்கானதை மாட்டிக்கொண்டு, பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்தி, கீழ்வீட்டுப் பூக்களை எண்ணுவார் கண்ணாடிக்காரர். நேற்று ஒன்பது, இன்று பதினொன்று என்றால் அன்றைக்குக் காப்பி கசக்கும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊராரின் பார்வையைச் சரிசெய்கிறவர் அவர்.

"போதுங்க, கண்ணு பட்டுடப்போகுது" என்பாள் மனைவி.

"அதான் பட்டுக்கிட்டே இருக்கே. வாடக் காணோமே."

அவருடைய பால்கனியில் சலவை இயந்திரம் போக மிச்ச இடத்தில் ஒருவர் நின்றால் மற்றவர் உள்ளே போய்விட வேண்டும். ஆகவே தோட்டத்தைச் சுவரில் ஏற்றிவிட்டார். தடித்த துணியில் தைத்த இருபது பைகள், நான்கு வரிசை. கடற்பாசி உரத்தைக் கண்மருந்துக் குப்பியில் அடைத்து, செடிக்கு ஏழு சொட்டு. எட்டாவது விழுந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார். மேல் வரிசை காய்கிறதே என்று இன்னொரு குவளை தண்ணீர். கீழ் வரிசை அழுகுகிறதே என்று இன்னும் ஏழு சொட்டு.

கீழே நர்ஸம்மா. காலித் தண்ணீர் பாட்டில்களை அறுத்து, கட்டுத்துணியால் பால்கனிக் கம்பியில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். "தண்ணியா? ஞாபகம் வந்தா ஊத்துவேன்" என்று அவள் சொன்னது மூன்று நாள் அவரைத் தூங்கவிடவில்லை. "சிஸ்டருக்குக் கைராசி. ஊசி போட்டாலே வலிக்காதே" என்பார்கள் குடியிருப்பில். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் ஏங்கினார். லிஃப்டில் அகப்பட்டவர்களிடமெல்லாம் இருபது பைகளின் கதையைச் சொல்லியும் யார் வாயிலிருந்தும் அது வரவில்லை. மனைவியே புதினாவுக்குக் கீழேதான் போகிறாள். "வாசனையே இல்ல" என்று இவர் குறை சொல்லிவிட்டு, அந்தப் புதினாத் தேநீரில் இரண்டாவது குவளை கேட்பார்.

ஒரு ஞாயிறன்று, தன் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது என்று நர்ஸம்மா சொன்னதே சாக்காக, வேவு பார்க்கக் கீழே போனார். திருகை முடுக்கிக்கொண்டே அண்ணாந்தவர் கை நின்றுவிட்டது. அவர் பால்கனியில் தண்ணீர் வடியும் துவாரத்திலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு அவளுடைய மேல் பாட்டிலில் விழுந்தது. அங்கிருந்து அடுத்ததற்கு. பிறகு அடுத்ததற்கு.

"எப்பவும் சொட்டும்ணா. உங்க மெஷின் தண்ணி போல."

மெஷினுக்குத் தனிக்குழாய் என்பது அவருக்குத் தெரியும். "ஆமா சிஸ்டர், மெஷின்தான்" என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தனை பூவும் அவர் கணக்கில் வந்திருக்கும். ஆனால் ஊட்டமெல்லாம் தன் சுவரில் தங்காமல் கீழே ஓடியதையும் சேர்த்தல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி துடைக்கும் பழந்துணிகளைத் திரட்டித் துவாரத்தை அடைத்தார். இரண்டே நாளில் பால்கனியில் கணுக்காலளவு தண்ணீர். மனைவியின் செருப்பு மிதந்தது. "ஏங்க, இது தோட்டமா, குளமா?" அவருடைய பைகளில் ஓர் இலைகூடக் கூடவில்லை. கீழே ஏழு பூ, பிறகு நாலு, பிறகு ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் காலை கீழிருந்து நர்ஸம்மா கூப்பிட்டாள்.

"அண்ணா, எல்லாம் வாடிப்போச்சு. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். என்ன போடலாம், சொல்லுங்களேன்."

உங்களுக்குத்தான் தெரியும். அதை மிட்டாய் போல ஒருமுறை வாய்க்குள் புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் போட வேணாம் சிஸ்டர். தண்ணி மட்டும் விடாம ஊத்துங்க" என்றார் கனிவாக. சொல்லிக்கொண்டே, தேங்கிய தண்ணீருக்குள் கால் கட்டைவிரலால் துழாவி, துணியைக் கண்டுபிடித்து, இன்னும் ஓர் அழுத்து அழுத்தினார்.