நான் கூடுதலாகக் கொடுத்த அரை மாத்திரை

போன வருடம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை முற்பகல். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் என் ஒன்பது வயது மகள். ஆட்டிசம் உள்ளவள், பேச்சு வராது. வாரம் இருமுறை பயிற்சிக்கு அழைத்துப் போவேன்.

கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். நெற்றி புடைத்துவிடும். அதற்காக டாக்டர் அந்த மாதம்தான் தினம் அரை மாத்திரை எழுதியிருந்தார். மனநோய்க்குக் கொடுக்கிற வகை மருந்து என்பதால் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் நாத்தனார் வந்து தங்கியிருந்தார். அவர் முன்னால் இவள் அமைதியாக இருக்கட்டுமே என்று, யாரையும் கேட்காமல் இரண்டு நாள் முழு மாத்திரை கொடுத்துவிட்டேன்.

ஆட்டோ காசிமேட்டை நெருங்கும்போது மகளின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண் மேலே செருகியது. தாடை இறுகி எச்சில் வழிந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "ஃபிட்ஸும்மா, கையில இரும்பைக் குடு" என்று சாவிக்கொத்தை நீட்டினார்.

பக்கத்து சீட்டில், மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த ஒரு அம்மா. மகளைத் தொட்டுப் பார்த்தார். "புள்ளைக்கு நெனவு கீது. என் தம்பிக்கும் மாத்திரையால இப்டித்தான் கழுத்து இஸ்துகிச்சு. நீ இன்னா மாத்திரை குடுக்கிறே?"

ஒன்றுமில்லை என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு, நாத்தனார் கண்ணில் படாமல் கைப்பையில் ஒளித்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"இத்த டாக்டராண்ட காட்டு. எவ்ளோ குடுத்தியோ, மறைக்காம சொல்லிடு" என்றார்.

டிரைவர் நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். அந்த அம்மாவும் கூடவே இறங்கினார். அரை எழுதியதை முழு மாத்திரையாகக் கொடுத்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று நான் நினைத்த டாக்டர், "நல்லவேளை சொன்னீங்க. இந்த மருந்துல சிலருக்கு இப்படித் தசை இழுத்துக்கும். ஊசி போட்டா சரியாயிடும்" என்றார்.

அரை மணி நேரத்தில் கழுத்து இளகி நேரானது. மகள் எழுந்து உட்கார்ந்து, ஃபேனைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். நாலு பேர் முன்னால் ஆடாதே என்று எத்தனை முறை அவள் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அன்று அவள் ஆட ஆடத்தான் எனக்கு உயிர் வந்தது. "அவ்ளோதான், நா வரேன்" என்று அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் எங்கள் டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். இப்போது தலையை மோதுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. நாத்தனாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற என் பயத்துக்கு என் பிள்ளை மாத்திரை சாப்பிட்டாள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது. யார் கேட்டாலும் அந்த மாத்திரையின் பெயரையும் அளவையும் இப்போது தயங்காமல் சொல்கிறேன்.